கதை எழுதும் வகுப்பில் சேரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை, நாவல் எழுதப் பயிற்சி தரும் வகுப்புகள், பட்டறைகள், இணையவழி அமர்வுகள் பற்றி என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். திரைக்கதை, விளம்பர வாசகம், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றுக்கான பயிற்சிகளை இதில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு வேலைவாய்ப்பு என்ற தெளிவான கணக்கு உண்டு, கதைக்கு அது கிடையாது. ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதலில் படித்துப் பிரிக்கும் வேலையைச் செய்திருக்கிறேன். பட்டறைகளில் கேட்கிறவர் வரிசையிலும் பேசுகிறவர் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

கதை எழுதுவதைக் கற்றுத்தர முடியுமா, முடியாதா?

ஒரு பகுதியைக் கற்றுத்தரலாம். கதையைச் சொல்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும். காட்சியை எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது. உரையாடலில் எதைச் சொல்லாமல் விடுவது. இருபது ஆண்டுகளை அரைப் பக்கத்தில் எப்படிக் கடப்பது. இவையெல்லாம் கைத்தொழில். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தரலாம், சில மாதங்களில் பிடிபட்டும் விடும். பக்கத்து வீட்டுச் சண்டையில் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றைக் கவனிக்கும் கண்ணை யாரும் தர முடியாது. எழுதாமல் இருக்க முடியாது என்ற நமைச்சலையும் தர முடியாது.

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பட்டறை 1936 முதல் நடக்கிறது. உலகில் இவ்வகைப் பட்டறைகளில் மிகவும் பெயர் பெற்றது அதுதான். எழுத்தைக் கற்றுத்தர முடியாது என்ற பொதுக் கருத்தோடு தாங்களும் ஓரளவு உடன்படுவதாகவும், இருக்கும் திறமையை வளர்க்க முடியும் என்ற எண்ணத்தில்தான் இயங்குவதாகவும் அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஐயோவாவே அவ்வளவுதான் வாக்களிக்கிறது. ‘முப்பது நாளில் நீங்களும் எழுத்தாளர்’ என்று யாராவது அதற்கு மேல் வாக்களித்தால் பணப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பணம் கட்டி எதைத்தான் வாங்குகிறோம்?

ஒரு வாசகரை. உங்கள் கதையை நீங்கள் படிக்கும்போது தாளில் இல்லாததையும் சேர்த்தே படிக்கிறீர்கள். பாட்டியின் குரல் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தெரு உங்கள் கண்ணில் இருக்கிறது. தாளில் ‘பாட்டி கோபமாகப் பேசினாள்’ என்று மட்டும் இருந்தாலும் உங்களுக்கு மொத்தமும் கேட்டுவிடுகிறது. அந்தப் பாட்டியை அறியாத ஒருவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். நண்பர்கள் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தினர் படிக்கவே மாட்டார்கள், அல்லது அந்தப் பாட்டி யாரென்று கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார்கள்.

எனக்குத் தெரிந்து இதற்கு மிக நல்ல சான்று, அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வர். ஐம்பதுகளின் இறுதியில் கலிபோர்னியாவின் சிக்கோ என்ற ஊரிலிருந்த அரசுக் கல்லூரியில் கதை எழுதும் வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். திருமணமாகிக் குழந்தைகளும் இருந்தார்கள், உட்கார்ந்து எழுத வீட்டில் இடமில்லை. ஆசிரியர் ஜான் கார்ட்னரும் அப்போது இருபதுகளின் நடுவில்தான் இருந்தார். அவருடைய நாவல் ஒன்றுகூட அதுவரை வெளியாகவில்லை. கையெழுத்துப் பிரதிகள் பெட்டி பெட்டியாக அறையில் கிடந்தன. வார இறுதியில் வந்து எழுதிக்கொள்ளச் சொல்லித் தன் அலுவலக அறைச் சாவியைக் கார்வரிடம் கொடுத்தார்.

அந்த வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஒரே கதைதான். அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுத வேண்டும். கார்ட்னர் பிரதியைக் காற்புள்ளி வரைக்கும் பார்ப்பார். அவர் அடித்த வரிகள் அடிபட்டவைதாம், அதில் பேச்சுக்கே இடமில்லை. அடைப்புக்குறி போட்ட வரிகளைப் பற்றி உட்கார்ந்து விவாதிக்கலாம். பல ஆண்டுகள் கழித்துக் கார்வர் இதையெல்லாம் நன்றியோடு எழுதினார். விரிவுரைகளைவிடத் தன் தாளின்மேல் விழுந்த கோடுகளுக்குத்தான் அந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறார்.

தாளில் கோடு போடுவது என்றால் என்ன? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

முடியும். சிற்றிதழுக்கு வரும் கதைகளில் பாதி இந்த மாதிரித்தான் தொடங்கும் (இது நானே எழுதிக்கொண்ட பத்தி, எவருடையதும் அல்ல):

‘செய்தியைக் கேட்டதும் செல்விக்கு இதயமே நின்றுவிடும் போலிருந்தது. கண்கள் குளமாயின. பிறந்த வீட்டின் இனிய நினைவுகள் நெஞ்சில் அலைமோதின. இனி அந்த வீடு தனக்குச் சொந்தமில்லை என்பதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.’

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘அருமை, மனதைத் தொட்டது’ என்று சொல்ல நாலு பேர் கிடைப்பார்கள். நல்ல ஆசிரியர் இதைப் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். ஓரத்தில் கேள்விகளை எழுதுவார். செய்தியைச் சொன்னது யார்? நேரிலா, தொலைபேசியிலா? ‘இனிய நினைவுகள்’ என்கிறீர்களே, அவற்றில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். வீட்டை விற்ற பணத்தில் செல்விக்குப் பங்கு உண்டா?

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கதை ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைக் கொடுத்தது. ஆனாலும், அக்கா தங்கைகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் தொடர்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எழுதியவருக்கும் தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டு, கண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறார். கேள்விகளோடு வீட்டுக்குப் போய் அவர் மறுபடி எழுதினால் இப்படி வரலாம்:

‘தம்பி பத்திரத்தை மேசைமேல் வைத்து, பெருக்கல் குறி போட்ட இடங்களில் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். கிணற்று ராட்டினத்தை என்ன செய்தாய் என்று செல்வி கேட்டாள். அதுவும் வீட்டோடு போய்விட்டது என்றான். அதை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து கொடு, போடுகிறேன் என்றாள்.’

முதல் வடிவத்தைவிட இது கொஞ்சம்தான் நீளம். குளமும் அலையும் போய்விட்டன, ஒரு பெண் வந்துவிட்டாள். ஆசிரியர் இதில் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதித் தருகிற ஆசிரியர் இருந்தால் அது வேறு ஆபத்து. அவருடைய கதையை உங்கள் பெயரில் வெளியிடப் போகிறீர்கள்.

புதுமைப்பித்தனும் ஜெயகாந்தனும் எந்த வகுப்புக்குப் போனார்கள்?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. கேட்டுவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். கொஞ்சம் தொடர்ந்து யோசிக்கலாம்.

ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறகு சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். அங்கே இரவும் பகலும் வாசிப்பும் விவாதமும் நடந்தன. அச்சுக்கூட வேலையும் பார்த்தார். கும்பகோணத்தில் கு.ப. ராஜகோபாலனைச் சுற்றி தி. ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் இருந்தார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற ஒரே சிற்றூரிலிருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு பேர் வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இருவரும் சிறுவயது நண்பர்கள். ஒருவர் படித்ததை மற்றவர் படித்தார், ஊர் பிரிந்த பிறகும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ என்ற சிற்றிதழ் 119 இதழ்கள் வந்தது. திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞரான பிரமிளும் நாகர்கோவிலிலிருந்து எழுதிய சுந்தர ராமசாமியும் அதில் சந்தித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் சுந்தர ராமசாமியின் வீடே இளைய எழுத்தாளர்கள் தேடிப்போகும் இடமாயிற்று.

ஆக, அவர்கள் வகுப்புக்குப் போகவில்லை என்பது உண்மை. யாரும் படித்துப் பார்க்காமல் தனியாக எழுதிக் குவித்தார்கள் என்பது உண்மையில்லை. கட்டணமும் வருகைப்பதிவும் இல்லாத ஒரு வகுப்பு அவர்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பழைய ஏற்பாட்டை அளவுக்கு மீறிப் புகழவும் எனக்கு விருப்பமில்லை. அந்த வட்டங்களுக்குள் நுழைய ஊர், நட்பு, சாதி, ஓய்வு நேரம் எல்லாம் ஒத்துவர வேண்டியிருந்தது. இரவு பதினொரு மணி வரை விடுதி அறையிலோ தேநீர்க் கடை வாசலிலோ உட்கார்ந்து இலக்கியம் பேச எந்தப் பெண்ணால் முடிந்தது? குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ஒன்பது மணிக்கு இணைய வகுப்பில் வந்து உட்காரும் பெண்களை இப்போது பார்க்கிறேன். காமிராவை அணைத்துவைத்திருப்பார்கள், பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும். அவர்களுக்குக் கும்பகோணம் கிடைத்திருக்காது. கட்டணம் கட்டினால் யாரும் வரலாம் என்பது வணிகம்தான், ஆனால் ‘யாரும் வரலாம்’ என்பது சின்ன விஷயம் அல்ல.

வெளிநாடுகளில் இதற்குப் பட்டமே தருகிறார்களே. அங்கே பலன் தெரிகிறதா?

பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானர் ஐயோவாவில் 1947இல் பட்டம் பெற்றவர். இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது முதல் மாணவர், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற இயன் மெக்கியூவன். பத்தாண்டு கழித்து அங்கே படித்த கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தப் படிப்புகளில் சேருவதற்கே எழுதிய கதைகளை அனுப்பித் தேர்வாக வேண்டும். ஏற்கெனவே நன்றாக எழுதுகிறவர்களைப் பொறுக்கியெடுத்து, ஓரிரு ஆண்டு எழுத விட்டு, பிறகு அவர்கள் நன்றாக எழுதினால் அதில் வகுப்பின் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஓ’கானரிடமே, பல்கலைக்கழகங்கள் எழுத்தாளர்களை நசுக்கிவிடுகின்றனவா என்று கேட்பார்களாம். போதிய அளவுக்கு நசுக்கவில்லை என்பதுதான் தன் கருத்து என்று அவர் எழுதியிருக்கிறார். நல்ல ஆசிரியர் கிடைத்திருந்தால், விற்பனையில் சக்கைப்போடு போட்ட பல புத்தகங்களைத் தடுத்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் சுற்றும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

அசோகமித்திரன் 1973இல் ஐயோவா போனதைச் சிலர் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். அவர் போனது வகுப்புக்கு அல்ல. பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதங்கள் தங்கவைக்கும் திட்டம் அதே பல்கலைக்கழகத்தில் 1967 முதல் தனியாக நடக்கிறது. அங்கே யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. அறை, நேரம், விநோதமான சக எழுத்தாளர்கள் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்து ‘ஒற்றன்!’ என்ற நாவல் கிடைத்தது.

வகுப்புக்குப் போனால் எல்லோரும் ஒரே அச்சில் எழுதத் தொடங்கிவிட மாட்டார்களா?

ஆபத்து உண்டு. பத்துப் பேர் உட்கார்ந்து கருத்துச் சொன்னால், யாரையும் உறுத்தாத கதைக்குத்தான் எல்லோரும் தலையாட்டுவார்கள். கரிசல் வழக்கிலோ நாஞ்சில் வழக்கிலோ மட்டக்களப்புப் பேச்சிலோ எழுதி வந்தவரிடம் ‘பொதுவாசகருக்குப் புரியாது’ என்று யாராவது சொல்வார். அவர் அடுத்த வாரம் அதையெல்லாம் கழுவித் துடைத்து, எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழில் எழுதிக்கொண்டு வருவார். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்; கோபம் வரும்.

எதிர்மாறாக நடந்ததும் உண்டு. சிகாகோவில் மெக்சிகோக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்னரோஸ் எழுபதுகளின் இறுதியில் ஐயோவாவில் படித்தார். ஒரு வகுப்பில் வீடு, நினைவு, கற்பனை பற்றிய ஒரு தத்துவ நூலை விவாதித்தார்கள். மற்ற மாணவர்கள் பரண்களையும் மாடிகளையும் பற்றி இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தான் வளர்ந்த நெருக்கடியான வீடு அந்தப் பேச்சில் எங்குமே இல்லை என்று அவருக்கு உறைத்தது. இவர்கள் எழுத முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற அந்த எரிச்சலிலிருந்து 1984இல் வெளியான ‘மாங்கோ தெரு வீடு’ என்ற நாவல் பிறந்தது. வகுப்பு அவருக்கு உதவியது, அது நினைத்த விதத்தில் அல்ல.

எனவே உங்கள் பேச்சுவழக்கைத் தொட வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்தச் சொல் புரியவில்லை? அவரால் மூன்று சொற்களைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால் யோசித்துப் பாருங்கள். ‘பொதுவாகவே’ என்றால் விட்டுவிடுங்கள்.

நல்ல வகுப்பை எப்படி அடையாளம் காண்பது?

சேருவதற்கு முன்னால் நடத்துபவரிடம் நேராகக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நான் எழுதியதில் எத்தனை பக்கத்தை நீங்கள் படிப்பீர்கள்? பதில் தெளிவாக வர வேண்டும். ‘எல்லாவற்றையும் விவாதிப்போம்’ என்பது பதில் அல்ல. ஒரு தொகுதியில் எண்பது பேரைச் சேர்த்துக்கொள்கிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் உங்கள் கதையைப் படிக்க அவருக்கு நேரமிருக்காது. அது சொற்பொழிவு. கேட்க நன்றாக இருக்கலாம், யூடியூபில் இலவசமாகவும் கிடைக்கலாம். பத்துப் பன்னிரண்டு பேருக்குள் என்றால் நம்பிக்கை கொள்ளலாம்.

அடுத்தது, என்ன படிக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வகுப்பில் பிறருடைய கதைகளை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடத்துபவர் தன்னுடைய கதைகளை மட்டுமே உதாரணம் காட்டினால் அது ரசிகர் மன்றம். தனக்கு நேர்மாறாக எழுதுகிற ஒருவரின் கதையை அவர் மரியாதையோடு பிரித்துக் காட்டுகிறாரா என்று ஒரே ஓர் அமர்வில் தெரிந்துகொள்ளலாம்.

திருத்தி எழுதியதை மறுபடி படிப்பார்களா என்பதும் முக்கியம். வாரம் ஒரு புதிய கதை எழுதச் சொல்லும் வகுப்புகள் உற்சாகமாக இருக்கும். கார்ட்னர் ஏன் ஒரே கதையைப் பருவம் முழுக்க எழுதவைத்தார் என்று யோசித்தால், அந்த உற்சாகத்தில் எது விட்டுப்போகிறது என்று புரியும்.

கடைசியாக, பயிற்சி முடிந்ததும் ‘தொகுப்பில் உங்கள் கதை வெளிவரும்’ என்ற வாக்குறுதி. தொகுப்பில் இடம்பெறுபவர்கள் ஆளுக்கு இருபத்தைந்து பிரதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் பிறகுதான் வெளிவரும். அது பதிப்பகம் நடத்தும் ஒரு முறை. கதை நன்றாக இருந்ததா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிரபல எழுத்தாளர் நடத்துகிறார். அது போதாதா?

கார்ட்னர் அன்று யாருக்கும் தெரியாதவர். நன்றாக எழுதுவதும் பிறர் எழுதியதை நன்றாகப் படிப்பதும் இரண்டு வேறு திறமைகள். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அதிர்ஷ்டம்.

சான்றிதழ் தருகிறார்கள். அதனால் பயன் உண்டா?

இல்லை.

எவ்வளவு செலவு செய்யலாம்?

திரும்ப வராது என்று நினைத்துச் செலவு செய்ய முடிந்த தொகையை மட்டும். இலக்கியப் புத்தகத்துக்கு உரிமைத்தொகை வழக்கமாக விலையில் 10 சதவீதம். சில நூறு பிரதிகள் விற்பதே பெரிது என்ற சூழலில் அந்தப் பணம் வகுப்புக் கட்டணத்தை எட்டுவதே கடினம். சிற்றிதழ்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை, இதழ் அனுப்புவார்கள்.

இலவசமாகவோ சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டோ நடக்கும் கதை முகாம்களும் உள்ளன. 1975இல் மதுரையில் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம், அதற்கும் முன்பிருந்தே இயங்கும் கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளும், கல்லூரித் தமிழ்த் துறைகளும், சிறிய வாசகர் வட்டங்களும் இப்படி நடத்துவதுண்டு. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு சாய்வு இருக்கும். இருக்கட்டும், சாய்வே இல்லாத ஆசிரியரிடம் கற்க என்ன இருக்கிறது? முதல் முறை போகிறவர் பெரிய தொகை கட்டுவதற்கு முன் இப்படி ஒரு முகாமுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

என் கதையை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினால்?

பல பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு: கதையைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கொடுமையாகத் தோன்றும். ஆனால் இதழில் உங்கள் கதையைப் படிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று நீங்கள் விளக்கம் தரப் போவதில்லையே. இந்த வழக்கத்தை இப்போது பலரும் விமர்சிக்கிறார்கள். அறையில் ஒருவருக்கும் தெரியாத வாழ்க்கையை எழுதியவர் வாய்மூடி உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அதைத் தப்பும் தவறுமாக அலசுவது அநியாயம்தான். முதல் பத்து நிமிடம் மௌனம், பிறகு எழுதியவர் கேள்வி கேட்கலாம் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

பேசுவதைக் குறித்துக்கொள்ளும்போது ஒரு பாகுபாடு செய்யுங்கள். ‘மூன்றாம் பக்கத்தில் கவனம் சிதறியது’ என்று ஒருவர் சொன்னால் அது நடந்த உண்மை, மறுக்க முடியாது. ‘அங்கே ஒரு சண்டை வைத்திருக்கலாம்’ என்று அவரே தொடர்ந்தால், அது அவர் எழுதப்போகும் கதை. முதலாவதை எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவதற்குப் புன்னகை செய்யுங்கள். வேறு வேறு ரசனை கொண்ட மூன்று பேர் அதே மூன்றாம் பக்கத்தைச் சொன்னால் அன்றிரவே அதைப் பிரித்துப் பாருங்கள்.

ஆசிரியர் கதையை விட்டுவிட்டு ஆளைப் பேசினால், உங்கள் சாதியை, படிப்பை, ஊரை, உடையைப் பேசினால், எழுந்து வந்துவிடுங்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் போவது காலங்கடந்த வேலையா?

கி. ராஜநாராயணன் முப்பதுகளில்தான் கதை வெளியிடத் தொடங்கினார். ‘கோபல்ல கிராமம்’ நாவல் 1976இல் வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவர் பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார்.

வயதில் வருபவர்களிடம் நான் காணும் சிக்கல் வேறு. அவர்களிடம் சரக்கு ஏராளம். அலுவலகக் கோப்புத் தமிழ் மட்டும் கையை விட்டுப் போக மறுக்கும். ‘மேற்படி நபர் அவ்விடத்திற்கு வருகை புரிந்தார்’ என்று எழுதுவார்கள். ஒரு நல்ல வகுப்பு இதை விரைவில் கழற்றிவிடும். சொல்லப்போனால் வகுப்பால் அதிகப் பலன் பெறுபவர்கள் இவர்கள்தாம் என்பது என் எண்ணம்.

செயற்கை நுண்ணறிவிடமே கதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால் என்ன?

ஒற்றுப்பிழை பார்க்கவும், பெயர் மாறிப்போன இடங்களைக் கண்டுபிடிக்கவும் கேளுங்கள். கதை எங்கே அலுப்பூட்டுகிறது என்று கேட்டால் அது ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லும். ஆனால் அதற்கு அலுப்பே வராது. உங்களுக்குத் தேவை, இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்ட ஒரு மனிதர்.

வகுப்பே வேண்டாம், நானாகவே கற்றுக்கொள்கிறேன். எப்படி?

நாலைந்து பேர் கொண்ட ஒரு குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிதானால் அது கூட்டமாகிவிடும், மாலை போடத் தொடங்கிவிடுவார்கள். மாதம் ஒருமுறை, ஒரு தடவைக்கு இரண்டு பேரின் கதைகள் மட்டும். ஒரு வாரம் முன்னதாகவே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரலால் நகர்த்திவிட்டு வந்து உட்காருவார்கள். ஓரத்தில் பேனாவால் எழுதாமல் யாரும் வரக் கூடாது என்பது ஒன்றே கண்டிப்பான விதி.

தனியாகச் செய்வதற்கு எனக்குப் பிடித்த பயிற்சி, மிகவும் பிடித்த ஒரு சிறுகதையைக் கையால் முழுதாகப் படியெடுப்பது. கண் தாண்டிப் போகும் இடங்களைக் கை தாண்டாது. பத்தி எங்கே உடைகிறது, ஒருவரின் பெயர் எத்தனை வரிக்கு ஒருமுறை வருகிறது, வர்ணனை எவ்வளவு குறைவு என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அதன்பிறகு அந்தக் கதையில் இரண்டு வரி மட்டுமே வந்துபோன ஒருவரின் கண் வழியாக அதே சம்பவத்தை எழுதிப் பாருங்கள். இதை வெளியிடாதீர்கள், பயிற்சி பயிற்சியாகவே இருக்கட்டும்.

யார் வகுப்பில் சேரக் கூடாது?

இதுவரை ஒரு கதையைக்கூட முடிக்காதவர். முடியாத கதைக்கு வகுப்பில் மருந்து கிடையாது, அடுத்த வகுப்பைத் தேடும் பழக்கம்தான் வரும். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கதையை முற்றுப்புள்ளி வரை கொண்டுபோய்விட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நாவலின் நடுவே நன்றாக ஓடிக்கொண்டிருப்பவரும் அந்தச் சமயத்தில் சேர வேண்டாம். பாதிக் கட்டடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால் ஆளுக்கொரு வாசல் வைக்கச் சொல்வார்கள்.

பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். இரண்டாம் வாரமே பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் கதை ஒருமுறை விவாதத்துக்கு வரும் வரை இருங்கள். வகுப்பை எடைபோட அந்த ஓர் அமர்வு போதும். அதில் நீங்கள் யோசித்திராத ஒரு கேள்வியாவது வந்ததா? வந்தால் தொடருங்கள். ஆசிரியர் கதையைப் படிக்காமலே பேசுகிறார் என்று தெரிந்தால் (பாத்திரத்தின் பெயரைத் தப்பாகச் சொல்லும்போதே தெரிந்துவிடும்) கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு மிச்ச வாரங்களையும் வீணாக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விலகுவதற்கு முன், அந்த வகுப்பில் உங்கள் கதையைச் சரியாகப் படித்து வந்த சக மாணவர் யாராவது இருந்தால் அவருடைய தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.